இரண்டு வேளை மண்சோறு

கட்சி இரண்டாகப் போகிறது என்று எனக்கு முதலில் சொன்னது பூக்கடைச் செல்லக்கிளிதான், கண்ணு. போன பங்குனியில், மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் முடிந்த மறுநாள். டிவியில் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், மாலை கட்டுகிறவளுக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் சேரவும் முடியாது, பிரியவும் முடியாது. ஒரே கட்சி விழாவுக்கு இரண்டு வீட்டிலிருந்து ஆளுயர மாலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவங்க மாலையைவிட எங்களுது ஒரு சாணாவது பெரிசா இருக்கணும் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்களாம். "ரெண்டு பேரும் அதையே சொன்னா நான் எதைக்கா பெரிசாக் கட்டறது?" என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நீ இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி உட்கார், பஸ் திரும்பினால் ஜன்னலில் வெயில் அடிக்கும். பையை மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாதே, என் காலடியில் வை. உன்னைப் பார்த்தால் யாரிடமும் போய்ச் சொல்கிறவள் மாதிரித் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன்.

எனக்கு அரசியல் தெரியாது. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. காலையில் குளித்தால் விளக்கேற்ற வேண்டும், செவ்வாய் வெள்ளி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும், என் பிள்ளைகள் இரண்டும் என் கண் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும், இதைத் தவிர நான் எதையும் ஆசைப்பட்டதில்லை. கட்சியெல்லாம் என் வீட்டுக்காரரோடு வந்தது. அவர் கிளைச் செயலாளர். சுவரில் சின்னம் வரைவார், கொடிக்கம்பம் நடுவார், கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு நாற்காலி எண்ணி வாங்கி வைப்பார். பிள்ளைகளுக்குப் பேர் வைத்ததும் அவர்தான். மூத்தவள் தேன்மொழி, இளையவன் செங்குட்டுவன். நான் குலசாமி பேரைச் சொன்னதற்கு, நாளைக்கு மேடையில கூப்பிட்டா நல்லா இருக்கணுமே என்றார். பாவம், அவரையே மேடையில் யாரும் கூப்பிட்டதில்லை. மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

அவர் போனபிறகு எங்களைக் கைவிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் சோலைமுத்து. அவர்தான் இப்போது மாவட்டம். மாவட்டச் செயலாளர் என்று யார் முழுசாகச் சொல்கிறார்கள், மாவட்டம் வந்தாச்சா, மாவட்டம் சாப்பிட்டாச்சா என்றுதான் பேச்சு. இன்னொருவர் வரதராசு, ஒன்றியச் செயலாளர், அவர் ஒன்றியம். அப்போது இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய், ஒரே வண்டியில் வருவார்கள். தேன்மொழியை அவள் புருஷன் விட்டுவிட்டுப் போய், கைப்பிள்ளையோடு வந்து நின்றபோது, சோலைமுத்து பைசா வாங்காமல் அங்கன்வாடியில் வேலை போட்டுக் கொடுத்தார். அதுவும் எங்கள் தெருக்கோடியில். நான் வாசலில் நின்றால் அவள் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறது கேட்கும். செங்குட்டுவனுக்கு வரதராசு ரேஷன் கடையில் விற்பனையாளர் வேலை வாங்கிக் கொடுத்தார். அதுவும் பக்கத்துத் தெரு. இரண்டு பிள்ளையும் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடும். என்னை மாதிரிக் கொடுத்து வைத்தவள் யார், சொல்லு.

சோலைமுத்து என்னை அக்கா என்பார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும், ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. வரதராசுவுக்கு என் வீட்டுக்காரர் அண்ணன் முறை மாதிரி. அதனால் நான் அண்ணி. ஒருவருக்கு அக்கா, ஒருவருக்கு அண்ணி. நான் ஒருத்திதான்.

இந்த மண்சோறு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நேர்ந்துகொண்டு பட்டினியாக இருந்து, கோயில் தரையைக் கழுவி, இலை போடாமல் தரையிலேயே சோற்றைப் போட்டுச் சாப்பிடுவது. உனக்குத் தெரியாமலா இருக்கும். சோலைமுத்து மாவட்டம் ஆவதற்கு முன்னால் ஒருநாள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் பிள்ளைக்குச் சோறு போட்டவர் ஆயிற்றே, நான் யாரிடமும் சொல்லாமல் போய் நேர்ந்துகொண்டு, பிரகாரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பூசாரி பார்த்துவிட்டார், வேறு யாரும் பார்க்கவில்லை. சோலைமுத்து பிழைத்து வந்தார். வந்த கையோடு அவரை மாவட்டச் செயலாளராக அறிவித்தார்கள். பூசாரி போய்ச் சொல்லியிருக்கிறார். பாராட்டுக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "மங்கையர்க்கரசி அக்கா தின்ன மண்ணுதான் எனக்கு இந்தப் பதவி" என்று சொல்லிக் காலில் விழுந்தார், கண்ணு. அத்தனை ஜனத்துக்கு முன்னால். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் ஏறாத மேடை.

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் மண்சோறு. தேர்தலுக்கு, தலைமையின் பிறந்தநாளுக்கு, கேஸ் வந்தால் அதற்கு. மகளிர் அணி மல்லிகேஸ்வரி வேனில் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவாள். என்னை முதல் வரிசையில் நடுவில் உட்கார வைப்பாள். கோயிலில் டைல்ஸ் போட்டுவிட்டார்கள், போட்டோவில் மினுமினு என்று தெரிகிறது, மண்சோறு மாதிரியே இல்லை என்று கல் தரை இருக்கிற இடமாகப் பார்த்து நகர்த்தி உட்கார வைப்பாள். நான் கண்ணை மூடி அம்மனை நினைத்தால், "அக்கா, கண்ணைத் திறங்க, தூங்கற மாதிரி விழுது" என்பாள். நான் திறந்துகொள்வேன். கண்ணைத் திறந்துகொண்டு வேண்டினால் அம்மனுக்குக் கேட்காதா என்ன.

அப்புறம்தான் செல்லக்கிளி சொன்னது நடந்தது. மேலே யாரோ இரண்டு பேருக்கு நாற்காலித் தகராறு. நமக்கு அவர்கள் முகம்கூட டிவியில்தான். ஆனால் மேலே கிழிந்தது கீழே வரைக்கும் கிழிந்துகொண்டே வந்துவிட்டது. சோலைமுத்து ஒரு பக்கம், வரதராசு ஒரு பக்கம். இவர் அவரைத் துரோகி என்று போஸ்டர் ஒட்டினால், அவர் இவரை ஒட்டுண்ணி என்று ஒட்டுவார். ஒரே சுவரில், ஒரே பசையில். ஒட்டுகிற ஆள்கூட ஒரே ஆள்தான்.

என் வீட்டிலும் வந்து நின்றது. செங்குட்டுவன் ரேஷன் கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் வரதராசு வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆள் வரும். தேன்மொழி அங்கன்வாடிக்கு வருகிற தாய்மார்களை சோலைமுத்து கூட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். மத்தியானம் அக்காவும் தம்பியும் ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அவள் இந்தப் பக்கம் போவாள், அவன் அந்தப் பக்கம் போவான். "என்னடா துரோகி, ரசம் ஊத்தவா?" என்று இவள் கேட்பாள். "ஊத்து ஒட்டுண்ணி" என்பான் அவன். இரண்டும் சிரிக்கும். விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லக் கூடாது என்று விபூதி பூசி விடுவேன்.

தேன்மொழி ஒருநாள், "எங்கேயாவது மாத்தல் கிடைச்சாப் போயிடுவேம்மா. இவங்க முகத்தையே பாக்க வேண்டாம்" என்றாள். கோபத்தில் சொல்வாள், அப்படித்தான் அவள். தெருக்கோடியில் வேலை, யாருக்குக் கிடைக்கும். நான் அன்றைக்கே போய் சோலைமுத்துவைப் பார்த்து, பிள்ளை ஏதாவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, அவளை எங்கேயும் மாற்றிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். செங்குட்டுவனும் திருப்பூர் போகிறேன் என்று ஒருநாள் கிளம்பினான். வரதராசுவிடம் சொல்லித்தான் நிறுத்தினேன். என் பிள்ளைகளுக்காக நான் ஏறாத படியில்லை.

ஆடி வந்தது. இரண்டாம் வெள்ளி. மாவட்டத்துக்குப் பதவி நிலைக்க வேண்டும் என்று மல்லிகேஸ்வரி வந்து காலையில் மண்சோறு என்றாள். அவள் போன பின்னால் வரதராசுவே நேரில் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். "அண்ணி, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்காக உக்காருங்க. அண்ணன் இருந்திருந்தா நான் கேட்கவே வேண்டியிருக்காது" என்றார். அவர் சொன்னது நிஜம். என் வீட்டுக்காரர் பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர். நான் எப்படி முடியாது என்பேன்.

நான் அம்மனிடமே கேட்டேன். அவளுக்கு இரண்டு பேரும் பிள்ளைகள்தானே. காலையில் ஒருவருக்குச் சாப்பிட்டு, சாயங்காலம் ஒருவருக்குச் சாப்பிட்டால் என்ன. நடுவில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்வோம், இரண்டாவதும் பட்டினிச் சாப்பாடாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். என் புத்திக்கு அப்படித்தான் பட்டது. காலையில் சோலைமுத்து பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி உட்கார்ந்தேன். சாயங்காலம் வரதராசு பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி உட்கார்ந்தேன். பூசாரி மட்டும் தீபாராதனைத் தட்டோடு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ராத்திரி படுப்பதற்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. காலைப் போட்டோ ஒரு பக்கம், சாயங்காலப் போட்டோ ஒரு பக்கம். அதே சேலை. சேலையை மாற்றிக் கட்டியிருக்கலாம் என்று செல்லக்கிளி சொன்னாள். எனக்குத் தோன்றவில்லை கண்ணு, விரதச் சேலை ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் சோலைமுத்து ஆள் அனுப்பினார். வீடு நிறைய ஜனம். அவர் என்னைச் சாமி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அம்மன் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"அக்கா, இந்த இடத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எனக்காக என்ன கேட்டீங்க?"

"நீங்க நல்லா இருக்கணும்னு கேட்டேண்ணே."

"பதவி நிலைக்கணும்னு கேட்டீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக ஞாபகம் இல்லை. "நல்லா இருக்கணும்னுதான் கேட்டேன்" என்றேன்.

"நல்லா இருக்கறது வேற, பதவி வேற. சரி, அவனுக்கு என்ன கேட்டீங்க?"

"அவரும் நல்லா இருக்கணும்னு."

அவர் முகம் செத்துப் போய்விட்டது, கண்ணு. கோபம்கூட இல்லை. நிஜமாகவே பயந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ரெண்டையும் கேட்டா எது பலிக்கும்?" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். நம்பிக்கை உள்ள மனுஷன். அதனால்தான் அவரை என்னால் வெறுக்க முடியவில்லை.

வரதராசுவும் கூப்பிட்டு அனுப்பினார். காலையில் அவனுக்குச் சாப்பிட்ட வாயோடு எனக்கு உட்கார்ந்தீர்களே அண்ணி, எச்சிலை எனக்கு வைத்த மாதிரி ஆகிவிட்டதே என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது.

அந்த ஆடி முடிவதற்குள் ரேஷன் கடையில் சோதனை என்று வந்து, இருப்பில் குறை என்று எழுதி, செங்குட்டுவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அது மாவட்டம் செய்தது. ஆவணியில் தேன்மொழிக்கு மலைமேல் ஒரு ஊருக்கு மாறுதல் வந்தது. பஸ் பாதி வழிதான் போகும், மீதிக்கு ஜீப். அது ஒன்றியம் செய்தது. நான் இரண்டு வீட்டு வாசலிலும் போய் அழுதேன். சோலைமுத்து சொன்னார், "நான் கொடுத்ததை நான் பிடுங்கலையேக்கா. பொண்ணு வேலையில நான் கை வச்சேனா?" வரதராசுவும் அதையேதான் சொன்னார். பையன் வேலைக்கு நானா உலை வைத்தேன், நான் வாங்கிக் கொடுத்ததல்லவா அது என்றார். இருவரும் சொன்னது சரிதான். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர்தான் எடுத்தார். யாரையும் குறை சொல்ல முடியாது பார்.

தேன்மொழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். செங்குட்டுவன் திருப்பூருக்குப் போனான். வீட்டில் நானும் விளக்கும். மத்தியானம் ஆனால் என்னை அறியாமல் கூடவே இரண்டு பிடி அரிசி போட்டுவிடுவேன். அப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் நடந்து முடிந்தபிறகு ஐப்பசியில் சேர்ந்துவிட்டார்கள், கண்ணு. மேலே சேர்ந்தார்கள், அதனால் கீழேயும் சேர்ந்தார்கள். சோலைமுத்துவும் வரதராசுவும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஒரே மாலையை இரண்டு பேர் கழுத்திலும் சேர்த்துப் போட்டார்கள். செல்லக்கிளிக்கு அதைக் கட்டுவதற்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. துரோகி, ஒட்டுண்ணி போஸ்டரையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகச் சுரண்டிவிட்டார்கள். நான் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். இனி என் பிள்ளைகள் வந்துவிடும் என்று நினைத்தேன். சண்டையில் செய்தது, சமாதானத்தில் சரியாகிவிடாதா.

போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். வரதராசுதான் நிதானமாக விளக்கினார். பையனை நிறுத்தியதை மாவட்டம் முதலில் ரத்து செய்தால், ஒன்றியத்துக்குப் பணிந்துவிட்டார் என்று ஊர் சொல்லும். பெண்ணுக்குப் போட்ட மாறுதலை நான் முதலில் ரத்து செய்தால், மாவட்டத்தின் காலில் விழுந்துவிட்டேன் என்று சொல்லும். இப்போதுதான் சேர்ந்திருக்கிறோம், இதை வைத்து மறுபடியும் ஒரு தகராறு வேண்டாம் என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல பண்ணிட்டா?" என்று கேட்டேன். எனக்கு அது ரொம்ப சுலபமாகத் தெரிந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சோலைமுத்து, "அப்படிப் பண்ணினா பேரம் பேசிச் சேர்ந்தாங்கன்னு தலைமைக்கு எழுதிப் போட்டுடுவானுங்கக்கா. நம்மள்லயே ஆளு இருக்கு" என்றார்.

அப்புறம் சோலைமுத்துவே ஒரு வழி சொன்னார். அவர் சொல்லும்போது கண்ணில் தண்ணீர். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கட்சி ஒன்றானதற்கு நன்றி சொல்லி, கார்த்திகை முதல் வெள்ளி மாவட்டம் முழுவதும் திரண்டு மண்சோறு. நான்தான் நடுவில். சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது எனக்கு அருள் வர வேண்டும். அம்மன் என் வாயால் ஒரு பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டும். பையன் என்றால் பையன், பெண் என்றால் பெண். எந்தப் பேர் வருகிறதோ அந்த உத்தரவை அங்கேயே ரத்து செய்வார்கள். "அம்மன் வாயால வந்தா எங்க ரெண்டு பேருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லக்கா. ஊரும் ஒத்துக்கும்."

"ஒரு பேருதானாண்ணே?"

"ரெண்டு பேரையும் சொன்னா அது அம்மன் சொன்னதுன்னு யாரு நம்புவா? பெத்தவ சொன்னதுன்னுதான் சொல்லுவாங்க."

அதுவும் சரிதான். அவர் மூளைக்காரர்.

எனக்கு அருள் வந்ததே இல்லை, கண்ணு. இத்தனை வருஷத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டுப் பக்கத்தில் நிற்கிறவள் ஆடுவாள், நான் அவளைப் பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான். மல்லிகேஸ்வரியிடம் சொன்னேன். வந்த மாதிரி இருந்தால் போதும் என்றாள். தலையை அவிழ்த்துவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றுங்க, வேப்பிலையை நான் கையில் கொடுக்கிறேன் என்றாள். அம்மன் பேரைச் சொல்லி நான் எப்படி இல்லாததைச் சொல்வேன். சொல்லாவிட்டால் இரண்டு பிள்ளைக்கும் இல்லை. சொன்னால் ஒரு பிள்ளைக்கு இல்லை, அதையும் நானே சொன்னதாக ஆகும். தேன்மொழி என்று சொன்னால், செங்குட்டுவனை நான் திருப்பூரிலேயே விட்டுவிட்டேன். செங்குட்டுவன் என்று சொன்னால், கைப்பிள்ளைக்காரியை மலைமேல் விட்டுவிட்டேன். எந்தத் தாய் வாயால் வரும்.

பிள்ளைகளிடமே கேட்டேன். தேன்மொழிக்கு மலையில் டவர் கிடைக்காது, ஒரு பாறை மேல் ஏறி நின்று பேசுவாள். "என் பேரைச் சொல்லாதம்மா. இங்க யாரையும் அண்ணேன்னு கூப்பிட வேண்டியதில்ல. சாயங்காலம் மையத்தைப் பூட்டினா அந்த வேலை அதோட முடிஞ்சது. புள்ள நல்லா சாப்பிடறான். நீயும் இங்க வந்துடேன்" என்றாள். என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொல்கிறாள். அந்தக் குளிரில் யாராவது சந்தோஷமாக இருப்பார்களா. செங்குட்டுவனும் அதே பாட்டு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையாம், சாப்பாடு நன்றாக இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை லீவாம், ஒருத்தன் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாமாம். "அக்கா பேரையும் சொல்லாத, என் பேரையும் சொல்லாத, சும்மா இரு" என்றான். இரண்டும் தன் அம்மாவுக்காக ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்க முடியுமா, நீயே சொல்லு.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. நேற்றிலிருந்து பட்டினி. காலையில் கார் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம், நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசலைப் பூட்டும்போதுகூட இரண்டு பிள்ளைகள் பேரையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எது முதலில் வருகிறது என்று. அம்மன் எனக்கு ஒரு அடையாளமும் காட்டவில்லை. பஸ் ஏறியபிறகாவது காட்டுவாள் என்று பார்த்தேன். உன்னைத்தான் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

அதோ தெரிகிறதே மேம்பாலம், அதை இறங்கினால் கோயில் நிறுத்தம். மல்லிகேஸ்வரி வேப்பிலையோடு நிற்பாள். கொடியெல்லாம் கட்டியிருப்பார்கள், நீ பார்க்கலாம். நாளைக்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்பார்கள். எனக்குப் பொய் வராது, கண்ணு, அது என் சுபாவம். பட்டினி மயக்கத்தில் பஸ்ஸில் தூங்கிவிட்டேன் என்றால் அது நிஜமாகவே நான் தூங்கியதாக இருக்க வேண்டும். இரண்டு நாளாகத் தூங்கவில்லை, கண்ணை மூடினால் வந்துவிடும்.

நீ யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நான் கொஞ்சம் உன் தோளில் சாய்ந்துகொள்கிறேன். கண்டக்டர் கோயில் வந்துவிட்டது என்று கத்தினால், என்னை எழுப்பிவிடாதே.